எகிப்தியர் கண்முன்னே ஓர் ஆடு

எங்களுக்கு வேதபாடம் எடுத்த சேரை இந்த மலரை வாசிக்கும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வசனத்தை மேலோட்டமாக வாசித்துவிட்டுப் போக அவர் யாரையும் விடமாட்டார். யாத்திராகமம் எட்டாம் அதிகாரத்தில், இந்த நாட்டுக்குள்ளேயே உங்கள் தேவனுக்குப் பலியிடுங்கள் என்று பார்வோன் சொல்கிறான். மோசே மறுக்கிறார். எகிப்தியர் கண்முன்னே பலியிட்டால் அவர்கள் எங்களைக் கல்லெறிய மாட்டார்களா என்று கேட்கிறார். "ஏன் கல்லெறிய வேண்டும்?" என்று சேர் எங்களிடம் கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அன்றுதான் எகிப்தியர் தெய்வமாக வணங்கிய அபிஸ் காளையைப் பற்றிக் கேள்விப்பட்டோம். மெம்பிஸ் நகரில் ஒரே நேரத்தில் ஒரேயொரு காளைதான் அபிஸாக இருக்கும். கறுத்த உடல், நெற்றியில் வெள்ளை அடையாளம். ப்தா தெய்வம் அதில் குடியிருப்பதாக நம்பினார்கள். அது இறந்தால் அரசருக்குச் செய்வதுபோல உடலைப் பதப்படுத்தி, சக்காராவில் நிலத்தடிக் கல்லறையில் வைப்பார்கள். 1851இல் மரியத் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குள் நுழைந்தபோது கண்ட கற்பெட்டிகள் ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். சேருக்குக் கோபம் வந்துவிட்டது. "நந்தியை வணங்குகிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். மற்றவன் கும்பிடுவதைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு வேதம் விளங்காது" என்றார். அந்த வகுப்பில் நான் படித்தவற்றில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்து வணங்கிய பொன் கன்றுக்குட்டியை எகிப்தோடு மட்டும் முடிச்சுப் போடுவது சரியென்று எனக்குப் படவில்லை. எகிப்திய அரசன் சீஷாக்கிடம் அடைக்கலம் புகுந்திருந்த யெரொபெயாம் திரும்பிவந்து இஸ்ரவேலின் அரசனாகி பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுகளை நிறுத்தினான், உண்மைதான். ஆனால் கானான் தேசத்திலும் காளை தெய்வ உருவமாகவே இருந்தது.

சேர் கேட்ட கேள்விக்கு இன்னும் நெருக்கமான ஒரு வரலாற்றை, ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் படித்தேன். அஸ்வானுக்கு எதிரே நைல் நதியில் எலிபண்டைன் என்றொரு தீவு. பாரசீகர் ஆட்சியில் அங்கே ஒரு யூதப் படைக்குடியிருப்பு இருந்தது. யாகு என்ற பெயரில் தங்கள் தேவனை வழிபட அவர்களுக்குச் சொந்தக் கோயிலும் இருந்தது. அதில் ஆடுமாடுகளை நெருப்பில் எரித்துத் தகனபலியிட்டார்கள். பக்கத்திலேயே ஆட்டுக்கடாத் தலையுடைய க்னும் தெய்வத்தின் கோயில். அந்தத் தெய்வத்துக்குரிய கடாக்கள் இறந்தால் பதப்படுத்திப் பொன்முகம் பூட்டி அடக்கம் செய்தார்கள். ஒரு பக்கம் ஆடு தெய்வத்தின் உரு, மறுபக்கம் அதே ஆடு பலிப்பொருள். இரண்டு கோயில்களும் அக்கம்பக்கம்.

கி.மு. 410இல் க்னும் கோயில் பூசாரிகள் பாரசீக அதிகாரி ஒருவரின் துணையோடு யூதரின் கோயிலை இடிப்பித்தார்கள். கேதுருமரக் கூரையை எரித்தார்கள், பொன் வெள்ளிப் பாத்திரங்களைக் கொண்டுபோனார்கள். பலிதான் அவர்களை உறுத்தியது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த மக்கள் யூதேயாவின் ஆளுநருக்கு அரமேய மொழியில் எழுதிய முறையீடு பேர்லினில் பாதுகாக்கப்படுகிறது. இரட்டு உடுத்தி உபவாசம் இருக்கிறோம், எண்ணெய் பூசவில்லை, திராட்சரசம் குடிக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நெகேமியாவின் புத்தகத்தில் வருகிற சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதியதாக அதே கடிதத்தில் சொல்கிறார்கள்.

மறுமொழி வந்தது. கோயிலை முன்பிருந்த இடத்திலேயே கட்டலாம். தானியக் காணிக்கையான போஜனபலியும் தூபமும் செலுத்தலாம். தகனபலியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தீவின் யூதத் தலைவர்களும் இன்னொரு கடிதத்தில் செம்மறியோ மாடோ வெள்ளாடோ அங்கே பலியிடப்படாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.