தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் பூவன் தார் ஒன்றைப் பேரம் பேசாமல் வாங்கினேன். மலைக்கோட்டைச் சிவன் தாயுமானவருக்கு நேர்ந்துகொண்ட தார். அதில் பத்து ரூபாய் குறைத்துக் கேட்க வாய் வரவில்லை.

எட்டாம் மாதத்தில் என் மனைவிக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, ஒரு நள்ளிரவில் வலிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கையெழுத்துக் கேட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பெரிய உயிரா, சின்ன உயிரா என்று அதில் எழுதியிருக்கவில்லை. என் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது. அவளுக்கு அம்மா இல்லை. அம்மா இல்லாத பெண்ணுக்கு யாரைக் கூப்பிடுவது? "தாயுமானவா, ரெண்டு பேரையும் குடுத்துடு, தார் சுமந்துட்டு வர்றேன்" என்று அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொடுத்துவிட்டான். ஒரு கிலோ அறுநூறு கிராமில் மகள். 19 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லா வேலையும் என் கையில். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் சாய்த்து, ஒரு சொட்டு விட்டு நிறுத்தி, தொண்டை அசைகிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த சொட்டு. முப்பது மில்லி இறங்க முக்கால் மணி நேரம். மனைவிக்குப் பூண்டுக் குழம்பு. நாளைக்கு இருபது மூத்திரத் துணி. அலசி மாடிக் கொடியில் போடும்போதெல்லாம், அந்த 19 நாள் வெறுமையாகக் கிடந்த கொடி ஞாபகம் வரும். ஈரத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

மலைக்கோட்டையில் அன்று கூட்டமான கூட்டம். "ஸ்பெஷலா கூட்டிட்டுப் போறேன் சார்" என்று ஒருவர் மாணிக்க விநாயகர் சன்னதியிலிருந்தே பின்னால் வந்தார். கைக்குழந்தைக்காரர்களிடமா இதைச் செய்வது? படியை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களுக்கு, தோளில் தாரோடு நிற்பவன் கண்ணில் படவே இல்லை. தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி அவள் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். வாய் மட்டும் சம்பந்தரின் சிராப்பள்ளிப் பதிகத்தை விடவில்லை.

தாரை இறக்கிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெரிய லிங்கத் திருமேனியைப் பார்த்ததும் கேட்க ஒன்றுமே தோன்றவில்லை. தீபாராதனை காட்டும் நேரம் பார்த்து என் மார்பெல்லாம் ஈரம். பக்கத்திலிருந்தவர் முகம் சுளித்து விலகினார். நான் பதறி வெளியே திரும்பினேன்.

"இருங்கோ, எங்க போறேள்? இவர் பார்க்காததா!" என்றார் குருக்கள்.

நின்ற இடத்திலேயே உடைந்துவிட்டேன். காவிரி வெள்ளத்தில் அம்மா வரமுடியாமல் போன ரத்தினாவதிக்கு, அந்த அம்மா உருவிலேயே வந்து பேறுகாலம் பார்த்ததோடு இவன் போய்விடவில்லையே. காவிரி வடிந்து அவளுடைய அம்மா வந்து சேரும்வரை கூடவே இருந்தான். இருந்தான் என்றால் சும்மாவா இருந்திருப்பான்? வெந்நீர் வைத்திருப்பான், மருந்து இடித்திருப்பான், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியிருப்பான், துணி அலசியிருப்பான். நான் செய்கிற அத்தனையையும் எனக்கு முன்னால் செய்தவன். அப்பனே, என் அம்மையே!

மட்டுவார்குழலம்மை சன்னதியில் குங்குமம் வாங்கிக்கொண்டு, பழத்தைச் சீப்பு சீப்பாகப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தோம். முகம் சுளித்தவருக்கும் இரண்டு பழம்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது. "காலையில பாத்துக்கலாம்ங்க, படுங்க" என்றாள். கேட்கவில்லை. பையிலிருந்த ஏழு துணியையும் வாளியில் நனைத்தேன்.