ஒரு வரி எனக்கு, ஒரு வரி உனக்கு

என் பேத்திக்கு இப்போது 4 வயது. பிறந்து 8 மாதம் வரை எங்களோடுதான் இருந்தாள். அப்புறம் மகளும் மருமகனும் வேலை கிடைத்துத் தொலைவாகப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து தாத்தாவும் பேத்தியும் பார்த்துக்கொள்வது வீடியோ காலில்தான்.

தொட்டிலில் அவளுக்கு நான் பாடியது, என் அம்மா எனக்குப் பாடிய தாலாட்டு. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். அம்மாவின் பாட்டில் எனக்கு மிஞ்சியிருப்பது 4 வரிகள்தான். "ஆத்தங்கரை நாணலெல்லாம் அசையாம தூங்குதம்மா" என்று தொடங்கும். எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவள் வாயில் வந்ததைக் கட்டிப் பாடியிருப்பாள்.

போனில் பாட ஆரம்பித்தபோது குழந்தை என்னோடு சேர்ந்து பாடவே இல்லை. வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. மகள்தான் சொன்னாள்: "அப்பா, நீங்க ரொம்பக் கீழ எடுக்கறீங்க. அவளுக்கு அங்க குரலே வராது." உண்மைதான். சின்னக் குழந்தைக்குக் குரல்நாண் குட்டி, சுருதி மேலே நிற்கும். என் 68 வயதுக் குரலுக்கு அவள் எப்படி இறங்கி வருவாள்? மறுநாள் அவளையே ஆரம்பிக்கச் சொன்னேன். அவள் எடுத்த சுருதியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு மூச்சு முட்டியது, ஆனால் அவள் நிறுத்தாமல் பாடினாள்!

சேர்ந்து பாடுவதுதான் நடக்கவில்லை. என் குரல் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம், அவள் குரல் திரும்பி வர இன்னும் கொஞ்சம். இருவரும் ஒரே சமயத்தில் பாடினால் போன் ஒரு குரலை அமுக்கிவிடும். அதனால் ஆளுக்கு ஒரு வரி என்று பிரித்துக்கொண்டோம்.

ஒருநாள், "நாணல்னா என்ன தாத்தா?" என்றாள். ஆற்றோரம் உயரமாக வளரும் புல் என்றேன். அவள் ஆற்றைப் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அலமாரி பொம்மையெல்லாம் அசையாம தூங்குதம்மா" என்று பாடினாள். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அம்மா கேட்டிருந்தால் அள்ளி முத்தமிட்டிருப்பாள். இப்போது அந்த வரியும் எங்கள் பாட்டில் இருக்கிறது.

போன மாதம் வந்திருந்தார்கள். முதல் நாள் இரவு என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். விளக்கை அணைத்துவிட்டு நாணல் வரியைப் பாடினேன். பக்கத்தில்தானே இருக்கிறாள், இனி சேர்ந்தே பாடலாம் என்று அடுத்த வரிக்கும் போனேன். சூடான சின்ன உள்ளங்கை ஒன்று என் வாயைப் பொத்தியது.

"தாத்தா, இது என் வரி."

சரி என்று தலையை ஆட்டினேன். கையை எடுத்தாள். ஆனால் உடனே பாடவில்லை. போனில் காத்திருக்கும் அந்த ஒரு நொடி இருட்டில் காத்திருந்தாள். அப்புறம் பொம்மைகளைத் தூங்கவைத்தாள்.

நானும் ஒரு நொடி விட்டு மூன்றாவது வரியை எடுத்தேன்.