குத்தாம பாக்குற ஜாண்டிஸ் டெஸ்ட், எங்க பாப்பாவுக்கு நடந்தது

பாப்பா மூஞ்சி மஞ்சளா இருக்கேன்னு நான் சொல்ல, இல்ல இல்ல ரூம் லைட்டுதான்னு இவர் சொல்ல, சிஸ்டர் ரெண்டு பேர் பேச்சையும் கண்டுக்கல. கண்ணால பாத்து அளவு சொல்லவே முடியாது, கொஞ்சம் நிறம் கம்மியான குழந்தைன்னா மஞ்சள் இன்னும் லேட்டாதான் தெரியும்னாங்க.

கையில புடிக்கிற சின்ன மெஷின்தான் (டிசிபி மீட்டர்ங்கிறாங்க). நெத்தியிலயோ நெஞ்சு நடுவுலயோ வச்சு லேசா அழுத்துனா பளிச்னு ஒரு வெளிச்சம், அது தோலுக்குள்ள போய் திரும்பி வர்றதுல நீல வெளிச்சம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்து பிலிருபின் (தோலை மஞ்சளாக்குற பொருள்) அளவை கணக்கு போடுதாம். சில தடவை வச்சு சராசரி எடுத்தாங்க, பாப்பா முழிக்கவே இல்ல.

நம்பர் வந்ததும் எனக்கு அது கூடவா குறைவான்னுதான் தெரியணும், ஆனா டாக்டர் முதல்ல கேட்டது பொறந்து எத்தன மணி நேரம் ஆச்சுன்னு. நாள் கணக்கு இல்ல, மணி கணக்கு. ஏன்னா அதே 12 (mg/dL கணக்கு), பொறந்து 24 மணி நேரத்துல வந்தா பெரிய விஷயம், நாலாவது நாள் வந்தா நல்லா பால் குடிக்கிற நிறைமாசக் குழந்தைக்கு பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல. எத்தன வாரத்துல பொறந்துச்சு, அம்மா ஓ குரூப்பா, இதெல்லாம் சேத்துதான் சார்ட்ல பாக்குறாங்க.

எங்களுக்கு அந்த சார்ட்ல போட்டோதெரபி (லைட்ல வச்சு மஞ்சளை குறைக்கிற சிகிச்சை) ஆரம்பிக்க வேண்டிய கோட்டுக்கு பக்கத்துல வந்துடுச்சு. அந்த கோட்டுக்கும் நம்பருக்கும் வித்தியாசம் 3க்குள்ள வந்துட்டாலோ மீட்டரே 15 காட்டினாலோ ரத்தத்துல பாத்து உறுதி பண்ணணும்னாங்க, அப்ப குத்தாத டெஸ்ட்னு சொன்னீங்களேன்னு இவருக்கு கடுப்பு, ஆனா எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு, இது யாருக்கு குத்தணும்னு பிரிச்சு காட்டுற டெஸ்ட், எல்லா குழந்தையையும் குத்த வேணாம் பாருங்க. குதிகால்ல குத்தி எடுத்தாங்க, லைட்ல வச்சாங்க.

லைட்ல வச்சப்புறம் மறுபடி மீட்டர் வைங்களேன்னு கேட்டேன், வெளிச்சம் பட்ட தோல் முதல்ல வெளுத்துரும், ரத்தத்துல இருக்கறதை விட கம்மியா காட்டும்னு மறுத்துட்டாங்க. நிறுத்தி ஒரு 24 மணி நேரமாவது ஆகணுமாம்.

டிஸ்சார்ஜ் ஆகுறப்ப அந்த நம்பரையும் எடுத்த நேரத்தையும் எழுதி வாங்கிக்கோங்க, அடுத்து எப்ப பாக்கணும்னும் கேளுங்க, அளவு உச்சத்துக்கு போறது 3லருந்து 5 நாளுக்குள்ள, அப்ப பாதி பேர் வீட்டுக்கு வந்துருப்போம். பால் குடிக்க எழுப்புனாலும் எழுந்திரிக்கல, மஞ்சள் கால் வரைக்கும் எறங்குது, மலம் வெள்ளையா போகுதுன்னா அந்த தேதி வரைக்கும் காத்திருக்காம உடனே தூக்கிட்டு போயிருங்க.