நிறத்தை நம்பி வண்டுக்குப் பெயர் வைக்காதீர்கள்

புதிய வலைச்சிறகு வண்டு என்று யாராவது எனக்குப் படம் அனுப்பினால், கூடவே வரும் குறிப்பு பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான்: நல்ல ஆரஞ்சு, சிறகு நுனி மட்டும் கறுப்பு. அழகுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் என்று சொல்லிவிட முடியாது.

வலைச்சிறகு வண்டுகளின் குடும்பமான லைசிடேயில் பெயர் பெற்ற இனங்கள் மட்டும் 4,000-க்கு மேல். ஒரே காட்டில் வாழும் பல இனங்கள் ஒரே சிவப்பு, கறுப்புச் சட்டையில் திரியும். இவை பறவைகளுக்குக் கசக்கும். அழுத்திப் பிடித்தால் சிறகு நரம்பிலிருந்தே திரவம் கசியும். ஒன்றைக் கொத்திப் பார்த்த பறவை அதே நிறத்தில் இருக்கும் மற்றதையும் விட்டுவிடுகிறது. அதனால் அந்துப்பூச்சிகளும் நீள்கொம்பு வண்டுகளும்கூட இந்த வேடத்தைப் போடுகின்றன. எலைட்ரோலெப்டஸ் என்ற நீள்கொம்பு வண்டு, தான் யாரைப் போல வேடமிடுகிறதோ அந்த லைக்கஸ் என்ற வலைச்சிறகு வண்டையே தின்கிறது என்று பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னரும் கூட்டாளிகளும் 1962-இல் எழுதினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத செய்தி இது.

சரி, எதைத்தான் பார்ப்பது? முதலில் அந்த வலையை. மென்மையான முன்சிறகில் நீளவாக்கில் ஓடும் மேடுகள் எத்தனை, அவை நுனிவரை போகின்றனவா, குறுக்கு மேடுகள் அடைக்கும் கட்டங்கள் சதுரமா ஒழுங்கற்றவையா? அப்புறம் தலைக்குப் பின்னால் இருக்கும் முன்மார்புத் தகட்டிலுள்ள மேட்டு வரம்புகள். உணர்கொம்பு ரம்பப் பல் போலவா, சீப்புப் போலவா என்பதும் முக்கியம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வேறுபடலாம்.

முடிவாகச் சொல்வது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. வயிற்று நுனியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்து, கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரைய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் எனக்கு மிகப் பிடித்த வேலை. வெளியே அச்சு அசலாக இருந்த இரண்டு வண்டுகள் இங்கேதான் பிரிந்து நிற்கும்.

1999-க்குப் பிறகு வெளியாகும் பெயர் என்றால், விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி, அதற்கு ஆதாரமான மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். யாரும் போய்ச் சரிபார்க்க முடியாத வண்டுக்குப் பெயர் இருந்து என்ன பயன்?

பெண் வண்டு இன்னொரு சிக்கல். இதே குடும்பத்தைச் சேர்ந்த பிளாட்டெரோட்ரிலஸ் பேரினத்தில் பெண்ணுக்குச் சிறகே வருவதில்லை, கடைசிவரை புழு உருவம்தான். விலங்கியலாளர் பெர்ட்டி 1831-இல் விவரித்த அந்த விசித்திரப் புழுக்களின் ஆண் எது என்று இன்னொரு விலங்கியலாளரான மியோபெர்க் 1925-இல்தான் தெளிவுபடுத்தினார்.

அதனால் படம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இடம், தேதி, உயரம், எந்தச் செடியில் இருந்தது, இவற்றையும் எழுதுங்கள். இணை சேர்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே படமெடுங்கள். ஆணையும் பெண்ணையும் இணைக்க அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.