மோன்செகூர் மலையும் ஆர்க் கிராமத்துத் தாயும்

தெற்கு பிரான்ஸில், துலூஸிலிருந்து நார்போன் போகும் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் "நீங்கள் கதார் நாட்டில் இருக்கிறீர்கள்" என்று ஒரு பழுப்பு நிறப் பலகை வரும். அதற்கப்புறம் ஒயின், ரொட்டி, தங்கும் விடுதி என்று எதிலும் கதார் பேர்தான். துலூஸில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். யார் இந்தக் கதார்கள் என்ற கேள்வி எனக்குள் அந்தப் பலகையில்தான் தொடங்கியது. புத்தகக் கடையில் தேடினால் இயேசுவின் புனிதக் கிண்ணம், புதையல், சூரியக் கோயில், ரகசியச் சபை என்றுதான் அலமாரி நிறைய இருக்கிறது. எனக்கும் இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும். புதுச்சேரி வில்லியனூரில் பாட்டி சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் எண்ணூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஊர் ஜனங்கள் நெருப்பில் இறங்கும் அளவுக்கு எதை நம்பினார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை கதார்களை வழிதவறியவர்கள் என்றது; அவர்கள் தங்களை நல்ல கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஊர் ஜனங்கள் அவர்களுடைய குருமார்களை "நல்ல மனிதர்கள்" என்றார்கள். அவர்கள் நம்பியது இது: கண்ணுக்குத் தெரிகிற இந்த உலகத்தைப் படைத்தது தீய சக்தி. ஆன்மா மட்டும்தான் நல்ல கடவுளுக்குச் சொந்தம். அது உடம்புக்குள் அடைபட்டு, மனிதராகவும் மிருகமாகவும் பிறந்து பிறந்து அலைகிறது. வெளியே வர ஒரே வழி, கொன்சொலமெந்தும் என்ற சடங்கு. நற்செய்திப் புத்தகத்தைத் தலைமேல் வைத்து, கைகளையும் வைத்து ஜெபிப்பார்கள். அதைப் பெற்றவர் அதற்கப்புறம் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடக்கூடாது. மீன் மட்டும் சாப்பிடலாம். கொல்லக்கூடாது, சத்தியம் செய்யக்கூடாது, தாம்பத்தியம் கூடாது. பெண்களும் அந்த நிலைக்கு வரலாம். குடும்பஸ்தர்கள் இதையெல்லாம் கடைப்பிடிக்க முடியாதென்பதால் சாகும் தறுவாயில் சடங்கை வாங்கிக்கொள்வார்கள்.

போப் மூன்றாம் இன்னொசென்ட் இவர்களுக்கு எதிராகச் சிலுவைப்போர் அறிவித்தார். 1209 ஜூலை 22 அன்று பெசியே நகரம் விழுந்தது. கிட்டத்தட்ட 20,000 பேரைக் கொன்றோம் என்று போப்பின் தூதரே அவருக்குக் கடிதம் எழுதினார். இருபது வருடப் போர் 1229இல் முடிந்தது. 1233இலிருந்து, திருச்சபைக்கு மாறான நம்பிக்கை உள்ளவர்களைத் தேடித் தண்டிக்கும் விசாரணை மன்றம் (இன்குவிசிஷன்) வந்தது. மிச்சமிருந்த குருமார்கள் மோன்செகூர் மலைமேல் ஒதுங்கினார்கள்.

மோன்செகூர் 1,207 மீட்டர் உயரம். என்னோடு வேலை பார்க்கும் தோழி ஆரியேஜ் மலைப்பக்கத்துக்காரி. அவள்தான் கார் ஓட்டினாள். கார் நிறுத்துமிடத்திலிருந்து மேலே போகும் பாதையில் முதலில் ஒரு புல்வெளி வரும். "எரிக்கப்பட்டவர்களின் வயல்" என்று அதற்குப் பேர். 1960இல் நட்ட நினைவுக்கல் ஒன்று அங்கே நிற்கிறது. பத்து மாத முற்றுகைக்குப் பிறகு, 1244 மார்ச் 16 அன்று, இந்த மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை உயிரோடு எரித்தார்கள். சரணடையும்போது இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. நம்பிக்கையைக் கைவிடுகிறவர்கள் உயிரோடு போகலாம் என்பதுதான் நிபந்தனை. அந்த இரண்டு வாரத்தில் இருபது பேர் வரை புதிதாகக் கொன்சொலமெந்தும் வாங்கினார்கள். அதாவது, தீ நிச்சயம் என்று தெரிந்துகொண்டே சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி கோட்டைத் தலைவரின் மனைவி கோர்பா. உடல்நலமில்லாத மகள் எஸ்கிளார்மோந்தும் கோர்பாவின் தாயும் அவளோடு எரிந்தார்கள். கணவர் உயிரோடு இறங்கிப் போய், பிறகு விசாரணையில் சாட்சி சொன்னார்.

நாங்கள் அந்தக் கல்லருகே நின்றபோது அம்மா போன் செய்தாள். "ஏன்டி, லீவு நாளில் மனுஷங்களை எரிச்ச எடத்துக்கா போய் நிக்கிற?" என்றாள். கோர்பாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். அது எந்தப் பதிவிலும் நான் படிக்கவில்லை.

மேலே போனால் கோட்டைச் சுவர்கள் இருக்கின்றன. ஜூன் மாதம் பகல் மிக நீளமான நாளன்று, விடிகாலைச் சூரியக் கதிர் ஒரு பக்க அம்புத் துளை வழியே நுழைந்து எதிர்ப்பக்கத் துளையில் வெளியேறும். அதைப் பார்க்க வருடா வருடம் கூட்டம் கூடுகிறது. கதார்கள் கட்டிய சூரியக் கோயில் இது என்று ஃபெர்னான் நியேல் என்பவர் எழுதியதிலிருந்து இந்த நம்பிக்கை பரவியது. ஆனால் இன்று நிற்கும் கோட்டை, 1244க்குப் பிறகு வெற்றி பெற்றவர்கள் கட்டியது. நியேலுக்கு முன்பே நப்போலியோன் பேரா என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் மோன்செகூருக்கு ஒரு தலைமைப் பூசாரினியைக் கற்பனை செய்து எழுதியிருந்தார். 1930களில் ஜெர்மனியிலிருந்து ஒட்டோ ரான் வந்தார். புனிதக் கிண்ணம் இங்கேதான் இருந்தது என்றார். நாஜித் தலைவர் ஹிம்லரின் எஸ்எஸ் படையில் சேர்ந்தார். 1939இல் தைரோல் மலையில் பனியில் செத்துக் கிடந்தார். புதையல் என்று பேசப்படுவதைப் பற்றியும் முற்றுகையில் இருந்தவர்களின் வாக்குமூலமே இருக்கிறது: பொன், வெள்ளி, ஏராளமான காசு. முற்றுகைக்கு நடுவிலேயே அதை வெளியே கொண்டுபோய்விட்டார்கள். கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கோர்பா எரிந்த இடத்தில் நின்றுகொண்டு கிண்ணத்தைத் தேடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த மண்ணின் நிஜமான மாயமந்திரம் வேறொரு இடத்தில் இருக்கிறது. பாமியே நகரத்து ஆயர் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய விசாரணைகளின் பதிவேட்டில். இவர் பிற்பாடு பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பேரில் போப் ஆனவர். பதிவேடு இன்றும் வத்திக்கானில் இருக்கிறது. இடையர்கள், விதவைகள், செருப்புத் தைப்பவர்கள் சொன்னதையெல்லாம் எழுத்தர்கள் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதில் அதிகம் வருகிற ஊர் மோந்தயூ. ஆக்ஸ்-லே-தெர்ம் பக்கமாக மலையேறிப் போனால் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள், ஒரு இடிந்த கோட்டை. 1308இல் இந்த ஊர் முழுக்கவே கைதானது. இங்கே கோட்டை அதிகாரியின் விதவையாக இருந்தவர் பெயாத்ரிஸ் தெ பிளானிசோல். வெகுகாலம் கழித்து அவரைப் பிடித்தபோது அவர் பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். காய்ந்த தொப்புள்கொடி இரண்டு. இரத்தக்கறை படிந்த துணி. லேசாகக் கருகிய சாம்பிராணித் துண்டுகள். ஒரு கண்ணாடி, ஒரு சின்னக் கத்தி, ஏதோ ஒரு செடியின் விதை. தொப்புள்கொடிகள் பேரன்களுடையவை, கையில் வைத்திருந்தால் வழக்கில் தோற்க மாட்டோம் என்று ஒரு பெண் சொன்னாள் என்றார். துணி மகளின் முதல் மாதவிலக்குத் துணி. அதிலிருந்து கொஞ்சம் மருமகனுக்குக் குடிக்கக் கொடுத்தால் அவன் வேறு பெண்ணை நினைக்க மாட்டான். சாம்பிராணி மகளின் தலைவலிக்கு. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பாட்டி என் இடுப்பில் கட்டிவிட்டிருந்தாள். இது கதார் சமயமே இல்லை, பெண்கள் கைமாற்றிக் கொடுத்துக்கொண்ட வீட்டு வைத்தியமும் வசியமும். ஆனால் விசாரணை மன்றத்துக்கு இரண்டும் ஒரே குற்றப் பையில்தான் இருந்தன.

அதே பதிவேட்டில் அர்னோ ஜெலிஸ் என்ற பாமியேக்காரர் வருகிறார். செத்தவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிவார்கள். தங்களுக்குப் பூசை வைக்கச் சொல்லி வீட்டாரிடம் தகவல் அனுப்புவார்கள். தெருவில் கையை வீசி நடக்காதீர்கள், பக்கத்தில் போகும் ஆன்மாக்களைத் தட்டிவிடுவீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் சொன்ன கதையில் ஒரு நல்ல மனிதருக்கு முற்பிறவியில் குதிரையாக இருந்தது நினைவிருக்கிறது. இந்த இடத்தில்தான் என் லாடம் கழன்றது என்று காட்டுகிறார். தேடினால் இரண்டு கல்லுக்கு நடுவே லாடம் கிடைக்கிறது.

ஆர்க் கிராமத்துக்கு நான் போனது அந்தப் பதிவேட்டில் வரும் ஒரு தாய்க்காக. சிலுவைப்போரில் வென்றவர்களின் பரம்பரை கட்டிய உயரமான கோபுரக் கோட்டைக்காகத்தான் பயணிகள் அங்கே வருகிறார்கள். கதார் ஆய்வைத் தன் ஞானமார்க்கத் தேடலோடு சேர்த்து நடத்திய தெயோதா ரோஷே பிறந்து, நூறு வயது வாழ்ந்து இறந்ததும் அங்கேதான். 1300களின் தொடக்கத்தில் அதே ஊரில் சிபில் என்ற பெண் இருந்தாள். அவளுடைய ஒரு வயதுகூட நிரம்பாத மகளுக்கு உடம்பு மோசமானது. கணவனின் விருப்பப்படி ஒரு நல்ல மனிதர் வந்து குழந்தைக்குக் கொன்சொலமெந்தும் கொடுத்தார். அறியாப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்பது அவர்களுடைய சொந்த விதி. இனிமேல் பால் கொடுக்காதே, இப்படியே இறந்தால் தேவதையாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கணவனும் அவரும் வெளியே போனார்கள். சிபிலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்துவிட்டாள். கணவன் திரும்பி வந்து அழுதான், திட்டினான். அவர்களிடம் வேலை பார்த்த இடையன் பியேர் மோரி, "நீ கெட்ட தாய், பெண்கள் பேய்கள்" என்றான். வெகுநாள்வரை கணவன் அவளிடமும் குழந்தையிடமும் பிரியமாக இல்லை. அப்புறம் தன் தவறை ஒத்துக்கொண்டான். குழந்தை இன்னும் ஒரு வருடம் இருந்து, பிறகு இறந்தது. இதெல்லாம் சிபிலே ஃபூர்னியேயிடம் சொன்னது.

எங்கள் இல்லத்தில் கடைசி நாட்களில் இருப்பவர் வாய் திறக்காமல் போனால், மகளோ மகனோ ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார்கள். இனி ஊட்ட வேண்டாம், உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள் என்று சொல்லும் வேலை என்னுடையது. சாகிறவர் தானே உணவை விட்டுவிடுவது எனக்குப் பழக்கமான காட்சி. சாகும் தறுவாயில் சடங்கை வாங்கியபின் சாப்பிடாமலே இருந்த கதார்களின் கடைசி நோன்பை அந்த அளவில் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பசித்து அழுகிற குழந்தையிடமிருந்து பாலைப் பறிப்பது அதுவல்ல. அந்த நல்ல மனிதர்களை நான் நிஜமாகவே மதிக்கிறேன், கோர்பாவை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. அப்படியும் அந்த வீட்டில் சிபில் செய்ததுதான் சரி.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது பியேர் மோரிதான். பதிவேடு முழுக்க அவன் தங்கமான மனிதன். தன்னிடம் இருந்த ஆட்டையும் காசையும் நண்பர்களுக்கும் ஓடி ஒளிந்த குருமார்களுக்கும் கொடுத்தவன். பிரனே (பைரனீஸ்) மலையை மந்தையோடு குறுக்கும் நெடுக்குமாகத் தாண்டியவன். கடைசியில் ஃபூர்னியேயிடம் சிக்கிச் சிறைக்குப் போனவன். அவனா அந்தத் தாயைப் பார்த்து அப்படிச் சொன்னான்? ஃபுவா நகரத்திலிருந்து மோன்செகூர் வழியாக மலையைத் தாண்டி, ஸ்பெயினில் கத்தலோனியாவின் பெர்கா வரை "நல்ல மனிதர்கள் பாதை" என்று ஒரு நடைபாதை இருக்கிறது, சுமார் 200 கிலோமீட்டர். அவனைப் போன்ற இடையர்களும் தப்பி ஓடியவர்களும் கடந்த மலைகள்தான் அவை. கோடையில் லீவு கிடைத்தால் தோழியும் நானும் அதில் நடக்கப் போகிறோம். பியேர் மோரியின் வாக்குமூலத்தைப் பையில் வைத்துக்கொண்டு.