136 கிலோஹெர்ட்ஸில் ஒரு வாட்டும் அதன் பின்னால் நிற்கும் 500 வாட்டும்

அமெரிக்காவில் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான 2200 மீட்டர் பேண்டையும், 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலான 630 மீட்டர் பேண்டையும் எஃப்.சி.சி. என்ற தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் ஹாம்களுக்கு, அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கு, திறந்துவிட்டது. முதலாவதில், எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் கதிர்வீச்சு ஆற்றல் (EIRP) 1 வாட்டைத் தாண்டக் கூடாது. ஒரு வாட்டால் யாருக்கு என்ன இடைஞ்சல் வரும் என்று புதிதாக இந்தப் பேண்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த ஒரு வாட்டை வெளியே அனுப்ப வீட்டுக்குள் எவ்வளவு ஆற்றலை உருவாக்குகிறோம் என்பதைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

பத்து மீட்டர் உயரத்தில், உச்சியில் கிடைமட்டக் கம்பிகளுடன் நிற்கும் ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை (மின்னோட்டத்தை அலையாக மாற்றும் திறனின் அளவு) இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 0.03 ஓம் மட்டுமே. மண்ணிலும், குட்டையான ஆன்டெனாவை இந்த அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்யும் லோடிங் காயிலிலும் சேர்ந்து 50 ஓம் இழப்பு இருந்தால், 1 வாட் வரம்பைத் தொடுவதற்கு டிரான்ஸ்மிட்டர் சுமார் 500 வாட் தர வேண்டியிருக்கும். அடிப்படை அலையை இவ்வளவு மோசமாகக் கதிர்வீசும் அதே கம்பி, ஹார்மோனிக்குகளை (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் வேண்டாத அலைகளை) அதைவிட நன்றாகவே கதிர்வீசும். ஏனெனில் கதிர்வீச்சுத் தடை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது, ஐந்தாவது ஹார்மோனிக்கில் அது 25 மடங்காகிவிடுகிறது. 137.5 கிலோஹெர்ட்ஸின் ஐந்தாவது ஹார்மோனிக் 687.5 கிலோஹெர்ட்ஸ், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் மத்திய அலை வானொலியின் நடுவே அது போய் விழுகிறது. 630 மீட்டர் பேண்டிலோ இரண்டாவது, மூன்றாவது ஹார்மோனிக்குகளே அந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன.

பெரும்பாலோர் கட்டுவது மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களைச் சுவிட்சுகள் போல இயக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர். அதன் சதுர அலையில் மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படை அலையைவிட 9.5 டெசிபல் மட்டுமே கீழே இருக்கும், விதியோ 43 டெசிபல் கேட்கிறது. மீதியை, உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர்தான் கொடுத்தாக வேண்டும். லோடிங் காயில் கூர்மையாக ட்யூன் ஆகியிருப்பதால் ஃபில்டர் தேவையில்லை என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. காயிலின் கம்பிச் சுற்றுகளுக்கு இடையேயான கெபாசிட்டன்ஸ் வழியாக உயர் அதிர்வெண்கள் அந்தக் காயிலைத் தாண்டிச் சென்றுவிடும். ஃபில்டரின் காயிலைச் சிறிய ஃபெரைட் வளையத்தில் சுற்றினால், அது செறிவடைந்து தானே ஹார்மோனிக்குகளை உண்டாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சுத்தம் என்பது ஹார்மோனிக்கோடு முடிவதில்லை. மிக மெல்லிய சிக்னலையும் கணினியால் படித்தெடுக்கும் விஸ்பர் (WSPR) முறையில் உலகத்தார் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் இடம் வெறும் 200 ஹெர்ட்ஸ். ஒரு நிலையத்தின் சிக்னல் அதில் எடுத்துக்கொள்வது சுமார் 6 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் வடிகட்டப்படாத 120 ஹெர்ட்ஸ் இரைச்சல் மீதமிருந்தால், கணினித் திரையில் நம் கோட்டுக்கு இருபுறமும் அதே வடிவில் மங்கலான கோடுகள் தோன்றும். பேசும் அலைவரிசைகளில் யாரும் கவனிக்காத அந்தக் குறை, இங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் வேறொருவரின் மெல்லிய சிக்னலை முழுமையாக மறைத்துவிடக்கூடும். எனவே மாஸ்ஃபெட்டின் டிரெயின் முனைக்குச் செல்லும் மின்னழுத்தத்தை நன்கு சீர்படுத்திய பிறகே ஒலிபரப்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மின்நிறுவனங்கள் தங்கள் உயர் அழுத்தக் கம்பிகளைப் பாதுகாக்கும் ரிலேக்களுக்கான சமிக்ஞைகளை இதே அதிர்வெண்களில் கம்பி வழியாகவே அனுப்புகின்றன. அதனால் ஒலிபரப்பத் தொடங்குவதற்கு 30 நாட்களுக்கு முன் யூட்டிலிட்டீஸ் டெக்னாலஜி கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது நியாயமான விதி.

ஃபில்டரால் தொட முடியாத தொல்லைகள் ஆன்டெனாவிலேயே பிறக்கின்றன. 300 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உள்ள ஆன்டெனாவில் 3 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக மின்னோட்டம் பாய்ந்தால், காயிலின் மேல்முனையில் சுமார் 12,000 வோல்ட் நிற்கும். ஈரமான இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, எட்ட நின்று பார்த்தால், கம்பியின் கூரான நுனியில் ஊதா ஒளியும், கூடவே 'உஸ்' என்ற ஓசையும் இருப்பது தெரியும். அந்தக் கொரோனா மின்கசிவு அகலமான இரைச்சலைப் பரப்பும். கம்பியின் நுனியை வளையமாக மடித்தாலோ, அதில் ஓர் உலோக உருண்டையைப் பொருத்தினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும்.

துருப்பிடித்த மழைநீர்க் குழாயும் கம்பி வேலியும் இன்னும் மோசமானவை, ஏனெனில் துருவேறிய இணைப்பு டயோடு போல வேலை செய்து, சுத்தமான சிக்னலிலிருந்தே புதிய ஹார்மோனிக்குகளை உருவாக்குகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய மத்திய அலை வானொலி போதும்: குறைந்த ஆற்றலில் சிக்னலை விட்டுவிட்டு அனுப்பும்படி டிரான்ஸ்மிட்டரை வைத்து, வானொலியை 687 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் திருப்பி, வேலியோரம் மெதுவாக நடக்க வேண்டும். அதே தாளத்தில் ஒலி எழுந்து அடங்கும் இடத்தில் வேலியை அசைத்துப் பார்த்து, ஒலி மாறினால் அந்த இணைப்பைத் துரு நீங்கத் தேய்த்து, தடித்த செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடலாம். முடியாவிட்டால் இரு துண்டுகளையும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்துவிடலாம்.