கலந்த பிறகு உள்ள கன அளவு

பிப்ரவரி 8

சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.1 என்று தாளில் அச்சாகியிருக்கிறது. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்பது அலகு. லிட்டருக்கு 21 மில்லிகிராம். மூலக்கூறு நிறை 113. ஆக, லிட்டருக்கு 0.186 மில்லிமோல். மோலுக்கு மாற்றியதும் எண் சிறியதாகிவிட்டது. படுக்கையில் இருப்பவருக்கு உள்ள அந்த ஒரே சிறுநீரகத்துக்கு இதனால் எந்த நன்மையும் இல்லை என்று தெரிந்தும் மறுபடி ஒருமுறை வகுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 9

தலைமாட்டில் தொங்கும் உப்புநீர்ப் புட்டியில் 0.9 சதவீதம் என்று இருக்கிறது. இது நிறைக்கு நிறை அல்ல, கன அளவுக்கு நிறை. 100 மில்லிலிட்டர் கரைசலில் 0.9 கிராம் சோடியம் குளோரைடு என்றால் லிட்டருக்கு 9 கிராம், 58.5 ஆல் வகுத்தால் 0.154 மோலார். அதே புட்டியில் கீழே, சோடியம் லிட்டருக்கு 154 மில்லிசமானம் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு எத்தனை சமானம் என்று சொல்லும் நார்மாலிட்டி எதற்கு, எத்தனை மோல் என்று சொல்லும் மோலாரிட்டி போதாதா என்று ஒவ்வொரு ஆண்டும் பதினொன்றாம் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடை, சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. சோடியத்தின் மின்சுமை ஒன்று என்பதால் இங்கே இரண்டு எண்களும் ஒன்றாகிவிடுகின்றன. கால்சியமாக இருந்தால் மின்சுமை இரண்டு, சமானம் இரு மடங்காகும்.

பிப்ரவரி 11

இரவு ஒன்பது மணிக்கு மாணவி ஒருத்தி கணக்கைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "டீச்சர், தொந்தரவுக்கு மன்னிக்கவும். புத்தகத்தில் வீழ்படிவு உண்டாகாது என்று விடை இருக்கிறது. எனக்கு உண்டாகிறது."

சில்வர் நைட்ரேட் 2 × 10⁻⁵ மோலார், சோடியம் குளோரைடு 2 × 10⁻⁵ மோலார். இரண்டையும் சம கன அளவில் கலக்கவேண்டும். சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம், அதாவது திண்மமாகப் படியாமல் இரண்டு அயனிகளின் செறிவுப் பெருக்கம் எட்டக்கூடிய எல்லை, 1.8 × 10⁻¹⁰. கணக்கில் கொடுத்த செறிவுகளை அவள் அப்படியே பெருக்கி 4 × 10⁻¹⁰ என்று கண்டு, இது கரைதிறன் பெருக்கத்தைவிட அதிகம், எனவே வீழ்படிவு உண்டாகும் என்று அழகான கையெழுத்தில் முடித்திருக்கிறாள். கலந்த பிறகு கன அளவு இரட்டிப்பாகிறது. ஒவ்வோர் அயனியின் செறிவும் பாதியாகி 1 × 10⁻⁵ ஆகிறது. அயனிப் பெருக்கம் 1 × 10⁻¹⁰ மட்டுமே. கரைசல் தெளிவாகவே இருக்கும்.

இந்த ஒரு வரியை எழுதாமல் பெருக்கத் தொடங்கக்கூடாது என்று வகுப்பில் நான் சொல்லாத நாள் இல்லை. கணக்கில் எங்கும் "பாதியாக்கு" என்று எழுதியிருக்காது. சம கன அளவு என்ற இரண்டு சொற்களுக்குள் அது ஒளிந்திருக்கிறது. கலந்த பிறகு உள்ள கன அளவு என்று தலைப்பிட்டு முதல் வரியை எழுது, பிறகு மற்றதைப் பார் என்று பதில் அனுப்பினேன். "ஓ" என்று மட்டும் வந்தது.

பிப்ரவரி 12

2.1. அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 14

கல்லை எடுத்துவிட்டார்கள். சிறு பிளாஸ்டிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். பழுப்பு நிறம், மிளகளவு. பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நாளாகும் என்றார் மருத்துவர். கால்சியம் ஆக்சலேட்டாகத்தான் இருக்கும் என்பது அவருடைய ஊகம்.

அதன் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 2.3 × 10⁻⁹. வர்க்கமூலம் 4.8 × 10⁻⁵. ஒரு லிட்டர் தூய நீரில் சுமார் 6 மில்லிகிராம்தான் கரையும். அந்த மிளகளவைத் திரும்பக் கரைக்க எத்தனை குடம் தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தேன்.

பிப்ரவரி 15

பள்ளியில் இன்று செய்முறைத் தேர்வு. என் இடத்தில் வேறொருவர் நிற்கிறார். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்ப்பவர்கள் அமிலத்தைச் சூடாக்க மறந்துவிடுவார்கள். ஆறிய கரைசலில் முதல் சொட்டின் நிறம் போவதற்கே வெகு நேரமாகும். யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆக்சலேட்டின் மூலமான ஆக்சாலிக் அமிலம் இப்போது என்னை எங்கும் விடுவதாயில்லை.

பிப்ரவரி 18

உறவினர் இருவர் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார்கள். நல்ல மனத்தோடு கொண்டுவந்ததை மறுக்க முடியவில்லை. மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும், அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டுமோ அவ்வளவும் குடிக்க வேண்டும்.

தண்ணீர் குடித்தால் நல்லது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு நல்லது என்பதை அந்த மாணவியின் கணக்கே சொல்கிறது. வெளியேறும் கால்சியமும் ஆக்சலேட்டும் அதே அளவில் இருக்க, சிறுநீர் ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டரானால் இரண்டு அயனிகளின் செறிவும் பாதியாகும். அவற்றின் பெருக்கம் நான்கில் ஒரு பங்காகும். சிறுநீர் தூய நீர் அல்ல, 25 டிகிரியிலும் இல்லை. அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அயனிப் பெருக்கம் எல்லையைத் தாண்டிய பிறகும் படிகம் உண்டாகாமல் இருப்பதுண்டு என்பதெல்லாம் உண்மையே. ஆனாலும் நான்கில் ஒரு பங்கு என்பது சாதாரண விஷயமில்லை. படுக்கையில் இருப்பவரிடம் இதை விளக்கினேன். "குடிக்கிறேன், கணக்கு வேண்டாம்" என்றார்.

பிப்ரவரி 20

1.6. மோலுக்கு மாற்றவில்லை.

பிப்ரவரி 22

மறுபடி படம் வந்திருக்கிறது. சில்வர் குளோரைடு 1.8 × 10⁻¹⁰, சில்வர் குரோமேட் 1.1 × 10⁻¹². எது அதிகம் கரையும்? பெருக்கம் பெரிதாக இருப்பதுதானே டீச்சர் என்கிறாள். வாய்ப்பாடு ஒன்றுபோல் இருந்தால் மட்டுமே அப்படி ஒப்பிடலாம். குரோமேட்டில் இரண்டு சில்வர் அயனிகள் இருப்பதால் கரைதிறனின் மும்மடியை நான்கால் பெருக்கவேண்டும். அப்படிச் செய்தால் 6.5 × 10⁻⁵ வருகிறது. குளோரைடுக்கு 1.3 × 10⁻⁵. பெருக்கம் நூறு மடங்குக்கும் மேல் சிறியதாக இருக்கும் குரோமேட்தான் ஐந்து மடங்கு அதிகம் கரைகிறது. குளோரைடைச் சில்வர் நைட்ரேட்டால் அளக்கும் மோர் முறையில் வெள்ளை வீழ்படிவு முழுவதும் இறங்கிய பிறகே குரோமேட்டின் செங்கல் சிவப்புத் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம். செய்முறையில் அவர்கள் எடை போடும் மோர் உப்பும் அதே மோர் என்ற வேதியியலாளரின் பெயரில்தான் வழங்குகிறது என்று சேர்த்து எழுதினேன். தேர்வுக்கு உதவாது, இருக்கட்டும்.

பிப்ரவரி 25

முடிவு வந்துவிட்டது. கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட். பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறேன் என்று நான் முந்திக்கொண்டு சொல்ல, நிறுத்தக்கூடாது என்றார் மருத்துவர். உணவோடு கால்சியம் போனால் ஆக்சலேட் குடலிலேயே வீழ்படிவாகி மலத்தோடு போய்விடும். கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் தனியாக இரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும். ஓர் அயனியைக் கூடுதலாகச் சேர்த்தால் உப்பு குறைவாகக் கரையும் என்ற பொது அயனி விளைவுதான், ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில். பாலக் கீரையைக் குறைக்கச் சொன்னார், உப்பையும்.

பிப்ரவரி 26

1.4.

பிப்ரவரி 27

மாணவி 0.1 மோலார் சோடியம் குளோரைடில் சில்வர் குளோரைடின் கரைதிறன் 1.8 × 10⁻⁹ என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். குளோரைடு அயனியின் செறிவை 0.1 என்றே ஏன் வைத்துக்கொள்ளலாம் என்ற காரணத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாள். அதற்கும் மதிப்பெண் உண்டு. நாளை ஏழு மணிக்கு இரத்தம் எடுக்க வருவார்கள். அதற்கு முன் எழுதி அனுப்பவேண்டும்.